குளவிச் செயலியை எடுத்த வாரம்

சங்க அறைக் கதவை உதைத்துத் திறந்த திலக்ஷன், பிரதாப்பின் காலரைப் பிடித்திழுத்து முகத்தை மேசையில் மோதினான். உதடு கிழிந்து இரத்தம் விசைப்பலகையில் சொட்டியது.

"எங்கம்மாவக் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. மூஞ்சியே தெரியல. அஞ்சாம் நம்பர் மலையில கூடு இருந்திருக்கு. போன்ல ஒண்ணுமே காட்டலியாம்."

இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தின் இளைஞர் சங்கம், தோட்டத்துப் பிள்ளைகள் எழுதிய செயலிகளை ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்து எல்லோருக்கும் பொதுவாக வைத்திருந்தது. பார்த்துக்கொண்டவன் பிரதாப். அதிலொன்று குளவிச் செயலி. கூட்டைக் கண்டவர் குறித்தால் எல்லார் போனிலும் அந்த இடம் சிவக்கும். எழுதிய வினோஜன் கட்டாருக்குப் போனபின் அதைத் திருத்த ஆளில்லை. ஒரு வருடமாக யாரும் அதைத் தங்கள் போனில் இறக்கவுமில்லை. அப்படிப்பட்டவற்றை எடுத்துவிடுவதென்று கூட்டத்தில் முடிவாகி, போன வாரம் பிரதாப் எடுத்துவிட்டான். குறித்திருந்த இடங்களும் அதோடு போயின. போன்களில் மலையெல்லாம் பச்சையாகிவிட்டது.

பிரதாப் இரத்தத்தைத் துப்பினான். "நீயுந்தானே கை தூக்குன. ஒருத்தரும் எறக்கலடா."

"என்னாத்துக்கு எறக்கணும்? எங்க லயத்து மீனம்மாக்கா ஒரு தடவ எறக்குனாங்க. அவங்க போன்லருந்து லயத்து வீடெல்லாம் புளூடூத்துல ஏத்திக்கிச்சு. எங்கம்மாவுக்கு நாந்தான் ஏத்திக் குடுத்தேன்."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

திலக்ஷன் இடுப்பிலிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை உருவி, கம்ப்யூட்டரை நோக்கி ஓங்கினான்.

"வெட்டாத. செயலியோட பழைய பிரதி இதுக்குள்ள மட்டுந்தான் இருக்கு." பிரதாப் அதன்மேல் விழுந்தான். கத்தி அவன் முன்கையில் இறங்கி எலும்பில் நின்றது.

திலக்ஷன் கத்தியை இழுத்தெடுத்தான். பிரதாப் கையை வயிற்றோடு அழுத்திக்கொண்டான்.

"சாப்பாட்டுக்கு வந்தவங்க திரும்பி மலைக்கு ஏறுவாங்க. குளவி இன்னும் அங்கதான். செயலியத் திருப்பிப் போடணும். எனக்குக் கை முடியாது, நீ அமுக்கு."

"எதை?"

அவன் சொல்லச் சொல்ல, திலக்ஷன் பிசுபிசுத்த விசைகளை ஒவ்வொன்றாக அமுக்கினான்.

"பாத்துக்கிற ஆள் பேரு கேக்குது."

"ஒம் பேரப் போடு."

"எனக்கு என்னா தெரியும்?"

"வெட்டத் தெரியுதுல்ல. போடு."

போட்டான். சட்டைப் பையில் அம்மாவின் போன் அதிர்ந்தது. பழைய சிவப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஐந்தாம் நம்பர் மலை மட்டும் பச்சையாகவே கிடந்தது. செயலியை எடுக்கும் முன்பும் அங்கிருந்த கூட்டை யாரும் குறித்திருக்கவில்லை. திலக்ஷன் அங்கே விரலை வைத்து, சிவக்கும்வரை எடுக்கவில்லை. பிறகுதான் சட்டையைக் கழற்றிப் பிரதாப்பின் கையைக் கட்டினான்.