கொம்பு வந்தால் பயப்பட வேண்டாம்

“அண்ணே, என்னையக் கருப்பாப் போடுங்க.”

கேட்டே விட்டாள் முத்துமாரி. எங்கே வேண்டுமானாலும் வாயைத் திற, நிறத்தைப் பற்றி மட்டும் திறக்காதே என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பெண். “கருப்பு தானா வந்தது. அதப் போயி ஒருத்தி வாய்விட்டுக் கேட்டு வாங்குவாளா?” என்பது அம்மாவின் கட்சி.

அன்னவாசல் கடைத்தெருவில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் இன்னாசி, டீ கிளாசை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். “என்னம்மா கேக்குற?”

“நான் டிகிரி வாங்குனதுக்கு எங்க சித்தப்பா பேனருக்கு ஆர்டர் குடுத்துருக்காருல்ல, பஸ் ஸ்டாப்புல வைக்க? அந்த டிசைன நேத்து வீட்டுல காட்டுனேன். ‘யாரு வீட்டுப் புள்ள போட்டோவையோ மாத்தி வச்சுட்டாக, கடையில சொல்லு’ங்குது எங்கம்மா. பெத்தவளுக்கே அடையாளம் தெரியலண்ணே!”

பொய்யில்லை. ‘எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி’ என்ற எழுத்துக்குக் கீழே, தயிர்சாதத்தில் கண்ணும் மூக்கும் வைத்த மாதிரி ஒருத்தி கருப்பு அங்கியில் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தில் அந்த அங்கி மட்டும்தான் முத்துமாரியின் நிறம்.

எல்லாம் ‘மறுபடி’ செய்த வேலை. இன்னாசியின் அக்கா மகன் விக்ரம் உருவாக்கிய மென்பொருளுக்கு அதுதான் பெயர். போட்டோவைக் கொடுத்தால் ஏஐ அதைத் தேரும் சிங்கமுமாக வரைந்து தள்ளும். பிடிக்காவிட்டால் நாலைந்து அளவுகளைக் கூட்டிக் குறைத்து மறுபடி அழுத்தலாம்; அதே படம் வேறு கோலத்தில் வந்து நிற்கும். அதை மாவட்டத்திலுள்ள மற்ற பிளக்ஸ் கடைகளுக்கும் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்குக் கையேடு எழுதத்தான் முத்துமாரியை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவளும் ஒவ்வொரு அளவையும் இழுத்துப் பார்த்து, கண்ணால் கண்டதை எழுதினாள். ‘பொலிவு’ என்ற அளவுக்கு நேரே இப்படி எழுதினாள்: ‘ஆளை வெள்ளையாக்கும். வேறு எந்த வேலையும் செய்யாது.’ விக்ரம் அதை அழித்துவிட்டு, ‘முகத்துக்குக் களை சேர்க்கும்’ என்று மாற்றினான். போதாததற்குப் பொலிவை எட்டில் நிறுத்தி, யாரும் தொட முடியாதபடி பூட்டியும் வைத்திருந்தான்.

“பூட்டத் தொற, விக்ரமு. பூஜ்யத்துல வச்சு ஒரே ஒரு தடவ எடுத்துக்கிறேன்.”

“ஒனக்குத் தொறந்தா எல்லாரும் கேப்பாங்க.”

“கேக்கட்டுமே!”

இன்னாசி சமாதானத்துக்கு வந்தார். “பேனருங்கிறது சந்தோசம்மா. சந்தோசத்தக் கருப்பா அடிச்சா எவன் வாங்குவான்?”

பதில் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. தோளில் ஒரு பிளக்ஸ் சுருளோடு இறங்கினார் வீரய்யா. ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர். அதற்குப் பேனர் வைக்காத வருஷம் கிடையாது.

“எவன்டா இங்கிட்டு டிசைனு போட்டது?” சுருளைத் தரையில் உதறி விரித்தார். பால் வெள்ளையில் ஒரு மாடு. கொம்புகூட ஒளிவெள்ளத்தில் கரைந்து மொட்டையாகியிருந்தது.

“எம்மாடு காரிடா! அட்டக் கருப்பு! காரி வருதுன்னு மைக்குல சொன்னாலே பயலுக வேலிக்கு மேல ஏறி நிப்பானுக. இது எவன் வீட்டுக் கறவ மாடு? மடி ஒண்ணுதான் வரையாம விட்ருக்கீக!”

“பொலிவுக்காகங்கய்யா...” என்று இழுத்தான் விக்ரம்.

“பொலிவு நான் கேட்டனா? கருப்புதான்டா அதுக்குப் பொலிவு!”

முத்துமாரிக்கு அந்த மனுஷனைக் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்போல் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வீரய்யாவுக்கு வரவழைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. பூட்டு திறந்தது. ‘காளை’ என்று புதிதாய் ஒரு கட்டம் முளைத்தது. அதைக் குறித்தால் பொலிவு பூஜ்யம்; கொம்பும் திமிலும் கட்டாயம். விக்ரம் மறுபடி அழுத்தினான். திரையில் காரி, மழைமேகம் மாதிரி வந்து நின்றது.

“இந்தா, இதான் எம்புள்ள!” என்று திரையைத் தடவிக்கொடுத்தார் வீரய்யா.

“மாரி, கையேட்டுல சேத்துரு. காளைன்னு குறிச்சா நெறம் மாறாது,” என்றான் விக்ரம்.

“மாட்டுக்கு மட்டும் பூட்டு தொறக்குது?”

“மாட்டுக்காரவுக அடிக்க வர்றாகள்ல?”

“ஓகோ. நான் அடிக்க வராததுதான் தப்பு!”

“ஏம்மா, மாடும் நீயும் ஒண்ணா?” என்றார் இன்னாசி.

“இல்லண்ணே. மாட்டுக்கு மரியாத கூட.”

சொன்ன வேகத்தில் உட்கார்ந்து தன் போட்டோவை ஏற்றினாள். ‘காளை’ கட்டத்தைக் குறித்தாள். மறுபடி.

வந்தாள் முத்துமாரி. அதே நெற்றி, அதே மூக்கு, வெயிலில் அன்னவாசலுக்கும் புதுக்கோட்டைக்கும் பஸ்ஸில் தொங்கிப் படித்த அதே கருப்பு. பட்டதாரித் தொப்பிக்கு இரு பக்கமும், கூராகச் சீவி எண்ணெய் தேய்த்த மாதிரி, இரண்டு கொம்புகள். முதுகில் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு திமில்.

முதலில் வெடித்தது அவள்தான். சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது. எட்டிப் பார்த்த வீரய்யா, “யாத்தே! இது பிடிபடாத மாடுல்ல!” என்று தொடையில் தட்டினார். சிரிக்கக் கூடாது என்று இருந்த இன்னாசிக்கு டீ மூக்கில் ஏறியது.

“கொம்ப அழிச்சுத் தாரேன் மாரி, திமிலையும் எடுத்துர்றேன்,” என்று மவுசுக்குக் கை நீட்டினான் விக்ரம்.

“தொட்ட, முட்டிருவேன்.”

அச்சுக்குக் கொடுத்தாள். எந்திரம் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி அவளை வரி வரியாக இறக்கிக்கொண்டிருந்தபோது, கையேட்டைத் திறந்து ‘களை சேர்க்கும்’ என்பதை அழித்துவிட்டுத் தன் பழைய வரியையே திரும்ப எழுதினாள். அதன் கீழே இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். ‘பெண்களை அவர்கள் நிறத்திலேயே எடுக்க, காளை என்று குறிக்கவும். கொம்பு வந்தால் பயப்பட வேண்டாம்.’ எல்லாக் கடைகளுக்கும் ஒரே தட்டில் அனுப்பினாள்.

விக்ரமின் போன் டிங்கென்றது. படித்தவன் முகம் பொலிவு எட்டுக்குப் போனது.

“மாமா, அனுப்பிட்டா மாமா!”

“நாளைக்கு வேலைக்கு வருவியாம்மா நீ?” என்று கத்தினார் இன்னாசி. கோபத்துக்கு நடுவே சிரிப்பு கனைத்துக்கொண்டு வந்தது அவருக்கு.

“பஸ் ஸ்டாப்புலதான் நிப்பேன். வந்து பாத்துக்கங்க.”

மை வாசம் மாறாத சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். சித்தப்பா பேனருக்குச் சட்டம் அடித்து வைத்துக் காத்திருப்பார்.