சத்து மாத்திரை

தம்பிக்குக் கடைசியாக உடுத்திவிட வேட்டி தேடி அப்பாவின் பீரோவைத் திறந்த ராமாமணியின் கையில் மாத்திரைப் பெட்டிகள் அகப்பட்டன. ஐந்து பெட்டி. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. மாதாமாதம் அவள் கோயமுத்தூரில் வாங்கிப் பஸ்ஸில் கொடுத்தனுப்பியவை. போனில் கேட்டபோதெல்லாம், "குடுத்துட்டுத்தான் இருக்கறன் கண்ணு" என்று சொன்ன மனுசன்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி அருள்குமாருக்கு இருபத்திரண்டு வயது. ஆறு வருசமாகக் கால் தள்ளாடியது, பேச்சுக் குழறியது. கிணத்துக்கடவு ஊரே அவனைக் குடிகாரன் என்றது. நேற்றுக் கிணற்றுப் படியில் நிலைதவறி விழுந்தவன் எழவேயில்லை.

டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சாப்பாட்டிலுள்ள வைட்டமின் ஈ-யைப் பிடித்து ரத்தத்தில் ஏற்றிவிடக் கல்லீரலில் ஒரு புரதம் இருக்கிறதாம். அதைச் செய்கிற மரபணுவையே இரண்டு வருசத்துக்கு முன்னால்தான் கண்டுபிடித்தார்களாம். இந்த வீட்டில் அது பழுது; வைட்டமின் சேராமல் நரம்பு கெட்டுப்போகும். அப்பா கட்டியது சொந்த அத்தை மகளை. இரண்டு பக்கத்துப் பழுதும் சேர்ந்து பிள்ளை தலையில் விடிந்தது.

"எவ்வளவு தின்னாலும் தூக்கிட்டுப் போக ஆளில்லம்மா. அதனால ஆயுசுக்கும் அள்ளிக் குடுக்கணும். குடுத்தா, இதுக்கு மேல முத்தாது" என்றிருந்தார் டாக்டர்.

பந்தலில் சொந்தக்காரர்களோடு உட்கார்ந்திருந்த அப்பா தம்பிதுரையின் காலடியில் பெட்டிகளைக் கொட்டினாள்.

"ஏனுங்கப்பா, இதென்னுங்க?"

"சத்து மாத்திரை," என்றார் அவர், நிமிராமல். "நாலு எருமை நிக்குது ஊட்ல. எம்பட பையனுக்குச் சத்துக் கொறைன்னா ஊரு சிரிக்காதா? பட்டினி போட்டு வளத்துனம்னு பேசாதா?"

"உங்க கவுரவத்துக்கு அவனக் கொன்னுபோட்டீங்களே!"

"அம்மணி, எழவு ஊட்ல சத்தம் போடாத," என்றார் ஒரு பெரியவர்.

"நீங்க சும்மா இருங்க மாமா!"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கீதா வந்தாள். பதினான்கு வயதுத் தங்கச்சி. சமதரையிலேயே கால் பின்னி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ராமாமணி அவள் காலையே பார்த்தாள்.

"எத்தன நாளா கண்ணு?"

"ஆடி மாசத்துல இருந்துங்க்கா. வெளிய சொன்னா நாளைக்கு ஒருத்தனும் கட்ட மாட்டான்னு அப்பா..."

மீதியைக் கேட்க ராமாமணிக்குப் பொறுமையில்லை. ஒரு பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு, தங்கச்சியின் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள். கொழுப்போடு கொடுத்தால்தான் மாத்திரை உடம்பில் ஒட்டும். பால் சட்டியை வைத்து, விறகை அடுக்கித் தீக்குச்சியைக் கிழித்தாள்.

"அடிப்பாவி, பொணம் எடுக்காம அடுப்புப் பத்த வெக்கறயா!" பெண்கள் தலையிலடித்துக்கொண்டார்கள்.

"பத்த வெப்பேன். இன்னொரு பொணம் உழுகோணுமா?"

கீதா ஏடு படிந்த பாலைக் குடித்து மாத்திரையை விழுங்கும்வரை அங்கேயே நின்றாள்.

பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து, ஓட்டுக்கு மேலே கிளம்பிய புகையைப் பார்த்தார்கள். தம்பிதுரை மட்டும் பார்க்கவில்லை. குனிந்து, காலடியில் கிடந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.