இருவருக்கும் பிடிக்காத கார்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்தே இருபது வருஷத்தை ஓட்டிவிட்ட அக்காவுக்கு, நாற்பத்து மூன்றாவது வயதில் கார் பந்தயப் பைத்தியம் பிடித்தது. நிஜக் கார் இல்லை. நிஜக் கார் ஓட்ட அவளுக்கு இன்றுவரை தெரியாது. கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் ஸ்டியரிங்கையும் பெடல்களையும் வைத்துக்கொண்டு, ஆன்லைனில், முகம் தெரியாத இருபது முப்பது பேரோடு மல்லுக்கட்டுகிற பந்தயம்.

எல்லாம் மகள் படிக்கப் போய் விடுதியில் சேர்ந்ததில் வந்த வினை. பெரிய கம்ப்யூட்டரும் மேசையும் சும்மா கிடந்தன. கடையில் ஃப்ரேம் மாட்டுகிறவர், தோள்வலியால் தன்னால் இனி ஓட்ட முடியாது என்று ஒரு ஸ்டியரிங் செட்டை அட்டைப்பெட்டியோடு தூக்கிக் கொடுத்தார். அக்கா அதை மேசை விளிம்பில் இறுக்கி மாட்டினாள். மிதித்தால் பெடல் வழுக்கிக்கொண்டு போனது. அதைச் சுவரோடு முட்டுக்கொடுத்து வைத்தாள். அவள் வீட்டுக்காரர் ஓவிய வாத்தியார். அறைக்குள் எட்டிப் பார்த்து, ஹெல்மெட் ஏதும் வாங்கி வரவா என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

இரண்டு வருஷம் இதை அவள் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் போனில் தம்பியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். தம்பி வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக். அப்பாவும் அவனோடுதான் இருந்தார். மாதம் ஒருமுறை பேசுவார்கள். சாப்பிட்டாயா, மழையா வெயிலா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவள் சொன்னதும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"பிரேக்கை எந்தக் கால்ல மிதிக்கிற?" என்றான்.

"இடது கால்ல."

"அப்ப நெஜமாத்தான் ஓட்டுற. பந்தயக்காரங்கதான் இடது கால்ல பிரேக் பிடிப்பாங்க," என்றான் தம்பி. அவன் ஆறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தானாம்.

அன்றைக்குப் பேச்சு ஒன்றரை மணி நேரம் நீண்டது. அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு போன். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அப்பாவின் கடையில் போய்த்தான் நின்றது.

அப்பா ஜெராக்ஸும் டைப்பிங்கும் செய்கிற சின்னக் கடை வைத்திருந்தார். மிஷின் சூட்டில் காகித வாசனை எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும். ஆறு மணிக்குப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு அவர் கணக்கு முடிக்கிற ஒரு மணி நேரம், கம்ப்யூட்டர் பிள்ளைகளுடையது. ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் ஒரு கார் பந்தய டெமோ இருந்தது. ஒரே ஒரு டிராக், நாலு கார். ஸ்டியரிங் ஏது, பெடல் ஏது? கீபோர்டுதான். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்துகொள்வார்கள். இடமும் வலமும் திருப்புவது தம்பி. வேகத்துக்கும் பிரேக்குக்கும் அக்கா. அவளுக்குப் பதினாறு, அவனுக்குப் பதின்மூன்று.

பந்தயத்தைவிடக் கார் தேர்ந்தெடுக்கிற பக்கம்தான் அவர்களுக்கு உயிர். கறுப்புப் பின்னணியில் கார் மெல்லச் சுழலும். தம்பிக்கு மூக்கு தட்டையான சிவப்புக் கார். அக்காவுக்கு நீள மூக்கு நீலக் கார். அந்தச் சண்டையிலேயே பத்து நிமிஷம் போய்விடும். உள்ளே இருந்து அப்பா, சத்தம் வந்தால் கரண்டைப் பிடுங்கிவிடுவேன் என்பார். பிடுங்கியதில்லை. நல்ல சுற்று ஒன்று அமைந்தால் திரையில் வருகிற நேரப் பலகையில் இருவர் பெயரையும் ஒட்டி, இடைவெளி இல்லாமல் அடித்து வைப்பார்கள். ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு நொடி. அதுதான் அவர்களுடைய உச்சம்.

பிறகு ஒருநாள் அந்த டெமோ கம்ப்யூட்டரில் இல்லை. சிடியையும் காணோம். அப்பாதான் இடம் அடைக்கிறது என்று அழித்துவிட்டார் என்று தம்பி முடிவுகட்டினான். இரண்டு மாதம் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பரீட்சை வந்தது, அக்காவுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, தம்பி தொழில் கற்க வெளியூர் போனான். ஒரே நாற்காலியில் மறுபடி உட்கார வாய்க்கவே இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் தம்பி ஒரு யோசனை சொன்னான். இரண்டு மணி நேரப் பந்தயத் தொடர் ஒன்று வருகிறது. ஒரு காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம். பாதியில் பிட்டுக்குள், அதாவது பாதையோரம் கார் நிறுத்துகிற இடத்துக்குள், வந்து நின்றால் மற்றவர் அவரவர் வீட்டிலிருந்தே காரை எடுத்துக்கொண்டு போவார். நாம் இரண்டு பேரும் சேர்ந்து பெயர் கொடுப்போமா என்றான். அக்கா சரி என்று சொல்ல இரண்டு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஜிடி3 என்கிற பந்தயக் கார் வகையில் ஒரே ஒரு காரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வியாழக்கிழமை ஏழு மணிக்குள் பெயரோடு காரையும் பதிந்தாக வேண்டும். பதிந்தால் தொடர் முழுக்க அதே கார்தான், மாற்ற விடமாட்டார்கள்.

அந்த வகைக் கார்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும்படி எடையையும் எஞ்சின் சக்தியையும் கூட்டிக் குறைத்து வைத்திருப்பார்கள். அதனால் எது வேகம் என்பதைவிட, எது நம் கைக்குப் படிகிறது என்பதுதான் கேள்வி. தம்பி கேட்டது நடுவில் எஞ்சின் வைத்த கார். ஸ்டியரிங்கைத் தொட்டாலே திரும்பும், கொஞ்சம் அசந்தால் சுழற்றியும் விடும். அக்கா கேட்டது முன்னால் எஞ்சின் வைத்த நீள மூக்குக் கார். சாதுவானது, ஆனால் வளைவில் சோம்பேறி. நாற்பது தாண்டியும் ஆளுக்கு ஆள் அதே பழைய இடத்தில்தான் நின்றார்கள்.

தம்பி தன் சுற்று நேரத்தை எடுத்துக் காட்டினான். அவள் காரைவிடத் தன் காரில் அவன் சுற்றுக்கு ஒரு நொடி வேகம். அக்கா அவனுடைய காரை ஓட்டிப் பார்த்து மூன்று தடவை மணலில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய காரில் தம்பிக்குக் கொட்டாவி வந்ததாம். இப்படியே ஒரு வாரம் இழுத்தது.

கடைசியில் அக்காவுக்குத் தன் தொழில்தான் கைகொடுத்தது. கடைக்கு வருகிறவர்களை அவள் இருபது வருஷமாகப் பார்க்கிறாள். எழுத்து எத்தனை பளிச்சென்று தெரிந்தாலும் சரி, நாள் முழுக்கப் போட்டுக்கொள்ள முடியாவிட்டால் அந்தக் கண்ணாடி மேசை மேல்தான் கிடக்கும். ஒரே ஒரு நல்ல சுற்றை வைத்து முடிவு செய்யாதே என்று தம்பியிடம் சொன்னாள். மூன்று வகையிலும் ஆளுக்கு இருபது சுற்று ஓட்டுவோம், மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்ப்போம். மூன்றாவது வகை, பின்னால் எஞ்சின் வைத்த கார். அதை இருவருமே சீண்டியதில்லை. முகத்தைப் பார்த்தாலே பிடிக்காது என்பான் தம்பி. தவளை மாதிரி இருக்கிறது என்பாள் அக்கா.

ஒரு வாரம் வேலை முடிந்து வந்ததும் இதே வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலை போனில் கூட்டிப் பார்த்தார்கள். தவளைதான் முன்னால் நின்றது. அதிகமில்லை, நாலு நொடி. நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்துவிட்டுத் திரும்பினால் அந்தக் கார் சொன்னபடி கேட்டது. வளைவு முடிந்ததும் பின்னாலிருந்து யாரோ கை வைத்துத் தள்ளுவது போல ஓடியது.

தம்பிக்கு மனசு ஒப்பவில்லை. ரெண்டு பேருக்கும் பிடிக்காத வண்டியில் ரெண்டு மணி நேரம் எதுக்கு உட்காரணும் என்று சலித்துக்கொண்டான். பேச்சுவாக்கில் பழைய டெமோவுக்குப் போனான். தனியாக எத்தனையோ பந்தயம் ஓட்டிவிட்டேன், அந்தப் பாதி நாற்காலி சுகம் எதிலும் வரவில்லை, அப்பா மட்டும் அதை அழிக்காமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தான். அதைப் போன மாதமும் சொல்லியிருந்தான், அதற்கு முந்தின மாதமும் சொல்லியிருந்தான். ஒவ்வொரு தடவையும் அக்கா பேச்சை மாற்றியிருந்தாள். அன்று மாற்ற முடியவில்லை.

"டேய், அதை அப்பா அழிக்கல," என்றாள். "நான்தான் அழிச்சேன்."

"எதுக்கு?"

"நீ தனியா ஓட்டி நம்ம டைமை ஒடச்சிருந்த. பலகையில ஒன் பேரு மட்டும் இருந்துச்சு. ரெண்டு நொடி கம்மி. நான் இல்லாமலே ஒனக்கு நல்லா ஓட்ட வருதுன்னு தெரிஞ்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

சிடியை உடைத்துக் குப்பைத்தொட்டியில் போட்டதையும் சொன்னாள். தம்பி, யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், கூப்பிடுகிறார்கள் என்று போனை வைத்தான். யாரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. அவன் கூப்பிடவில்லை. இவளுக்கும் கூப்பிடத் துணிச்சல் வரவில்லை. புதன்கிழமை ஒருவருடைய வலது கண் லென்ஸை இடது பக்கத்து அளவுக்குத் தேய்த்து வைத்தாள். ஃப்ரேம் மாட்டுகிறவர் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, புது லென்ஸ் எடுத்துக் கொடுத்தார். வீட்டில் ஸ்டியரிங் மேல் துணியைப் போர்த்தினாள். வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். அன்று இரவுச் சமையலை அவரே பார்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆறரைக்குப் போன் வந்தது.

தம்பி சுற்றி வளைக்கவில்லை. சிறுவயதில் அப்பாவிடம் தான் பேசியதையெல்லாம் இந்த நாலு நாளும் நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். நீங்க எதையும் உருப்படியா விடமாட்டீங்க என்று கடையில் ஆள் இருக்கும்போதே கத்தியிருக்கிறான். டீ கொண்டுபோனால் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டு வந்திருக்கிறான். செவ்வாய்க்கிழமை அப்பாவிடமே உட்கார்ந்து கேட்டானாம், செய்யாத தப்புக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று.

"அவருக்கு அந்த கேம் எதுன்னே தெரியலக்கா," என்றான். "நான் போட்ட சத்தத்துல, கைதவறி ஏதோ பெரிய ஃபைலை அழிச்சிட்டோம்போலன்னு பயந்துட்டாராம். எதை அழிச்சோம்னு கேட்டா அசிங்கம்னு பேசாம இருந்துட்டாராம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற பாத்தியதை தனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டாள். அந்தப் பக்கம் தம்பி சிரித்ததும்தான் இவளும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் அவன் குரல் இறங்கியது.

"அந்த டைமை ஒனக்குக் காட்டத்தான் போட்டேன். சாயங்காலம் நீ வந்ததும் பார்த்துட்டு சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்."

"பட்டிருக்கணும்டா," என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. மணி ஆறு ஐம்பது, பதிவுப் பக்கத்தைத் திறந்துவிட்டேன், எந்தக் காரைப் போடட்டும் என்றான். அவளுக்குப் பிடித்ததையே போடுவதாகவும் சொன்னான். அப்படிச் சொன்னதில் கோபமும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை. சும்மா அசதியாகச் சொன்னான்.

எனக்குப் பிடித்ததும் வேண்டாம், உனக்குப் பிடித்ததும் வேண்டாம், தவளையைப் போடு என்றாள் அக்கா. தம்பி பெருமூச்சு விட்டான். பெயிண்ட் மட்டும் தன் இஷ்டப்படிதான் இருக்கும் என்று பேரம் பேசினான். இரண்டு நிமிஷத்தில் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது.

பந்தயம் ஞாயிறு மாலை நாலு மணிக்கு. இருபத்தாறு கார்கள். தம்பி அப்பாவையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தான். முதல் அரை மணி தம்பி ஓட்டினான், பத்தாவது இடத்துக்கு வந்தான், அடுத்த சுற்றிலேயே பின்பக்கம் சறுக்கிப் பதினெட்டுக்குப் போனான். பிட்டில் நின்றதும் அக்கா எடுத்தாள். ஹெட்போனில் அப்பா தம்பியிடம், இப்போது காருக்குள்ளிருந்து நீ இறங்கிவிட்டாயா, அவள் எப்படி ஏறினாள் என்று கேட்பது கேட்டது. தம்பி விளக்க, அப்பா பாதி கேட்டுவிட்டு, சரி சரி அவளைப் பேச்சுக் கொடுத்துக் கலைக்காதே என்றார். அதற்குப் பிறகு அப்பாதான் ஒவ்வொரு வளைவுக்கும், பார்த்தும்மா, பார்த்தும்மா என்று கலைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா யாரையும் பெரிதாக முந்தவில்லை. மற்றவர்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு ஒதுங்க, இவள் இருக்கிற இடத்திலிருந்தே மேலே வந்தாள். இரண்டாம் முறை தம்பி நிதானமாக ஓட்டினான். கடைசி அரை மணி மறுபடி அக்கா. பின்னால் ஒரு மஞ்சள் கார் ஆறு சுற்று மூச்சு முட்டத் துரத்தியது. தம்பி இரண்டு காருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மட்டும் சொன்னான். ஒரு நொடி, அரை நொடி, அரை நொடி. கடைசி வளைவு முடிந்ததும் தவளை பின்னாலிருந்து கை வைத்துத் தள்ளியது போல ஓடியது. மஞ்சள் கார் பக்கவாட்டில் வந்தும் முந்த முடியவில்லை.

பதின்மூன்றாம் இடம்.

அக்கா எழுந்து நிற்கப் பார்த்தாள், கால் மரத்துப்போயிருந்தது. ஹெட்போனில் தம்பி வெறி பிடித்தவன் மாதிரி எண்ணிக்கொண்டிருந்தான், நமக்குப் பின்னால் இன்னும் பதின்மூன்று பேர் என்று. அப்பா, ஜெயித்துவிட்டோமா என்று கேட்டார். பாதிப் பேரை ஜெயித்துவிட்டோம் என்று தம்பி சொல்ல, அது போதும் என்றார் அப்பா. அப்புறம் மூவரும் போனை வைக்க மனமில்லாமல் கடையைப் பற்றி, ஜெராக்ஸ் மிஷினைப் பற்றி, அந்தத் தெருவில் யார் யார் எங்கே போனார்கள் என்பதைப் பற்றிப் பேசினார்கள்.

நடுவில் தம்பி, அடுத்த தொடருக்கு வேறு கார் பார்க்கலாமா என்று நூல் விட்டுப் பார்த்தான். இப்போதுதான் கைக்குப் பழகியிருக்கிறது, இதுவே இருக்கட்டும் என்றாள் அக்கா. அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றான்.