மேசை மேல் முப்பத்தொன்பது

பூஜ்யம். ஒன்றல்ல, இரண்டல்ல, நான்கு வருடப் பூஜ்யம். அத்தனையும் என் கையால் போட்டவை. நீல மையில், அழகாக, வட்டமாக.

எங்கள் நூலகத்தின் மாடியில் இருக்கிறது சிறுவர் அறை. அதற்கு நான்தான் பொறுப்பு. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டுக்காரர் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வார். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மிளகாய் அக்கா. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் மாடிப்படியில் கிசுகிசுத்தால் எனக்குக் கேட்காதா என்ன?

பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டதும் காலை பத்து மணிக்கு முப்பது முப்பத்தைந்து வாண்டுகள் வந்து இறங்கும். வேலைக்குப் போகிற வழியில் அம்மா அப்பாக்கள் விட்டுவிட்டுப் போவார்கள், ஐந்து மணிக்கு நான் கதவைப் பூட்டும்போது வந்து அழைத்துக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் நான் உரக்கப் படிப்பேன். பிறகு அவரவர் பாடு, அவரவர் புத்தகம். ஒரு புத்தகம் முடித்தால் சுவரில் ஓடும் காகித ரயிலில் ஒரு பெட்டி ஒட்டலாம். அதில் புத்தகத்தின் பெயரும், படித்தவர் கருத்து ஒரு வரியும் இருக்க வேண்டும். "கரடி பாவம்." "ராஜாவுக்கு மூளை இல்லை." "முடிவு பிடிக்கவில்லை, நானே வேறு எழுதிவிட்டேன்." இந்த வருடம் ரயில் ஜன்னலைத் தாண்டி, கதவைச் சுற்றிக்கொண்டு, மாடிப்படிச் சுவரில் பாதி தூரம் இறங்கியிருந்தது.

இவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. அட்டை வேண்டுமென்றால் நிலையான முகவரி வேண்டும், சொந்த வீடு உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். வருடத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு எந்தப் புண்ணியவான் வந்து கையெழுத்துப் போடுவான்? அதனால் இங்கேயே உட்கார்ந்து படிப்பார்கள், இங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

எப்படி வைப்பார்கள் என்பதில்தான் என் பெருமை எல்லாம் இருந்தது. படித்த புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டு எவராவது எழுந்தால், நான் போடும் சத்தத்தில் கீழே செய்தித்தாள் படிப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். "எடுத்த இடத்துல வை!" ஒரே மாதத்தில் ஆறு வயதுப் பொடிசுகூட புத்தகத்தின் முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்த்து, அதே அலமாரியில், அதே இடுக்கில் சொருகிவிடும்.

தினமும் கதவைப் பூட்டும்போது நிரப்ப ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கட்டம்: மேசை மேல் இருந்த புத்தகங்களின் எண்ணிக்கை. அறையை எவ்வளவு அலங்கோலமாக விட்டுவிட்டுப் போகிறாய் என்று கேட்கிறார்கள், அப்படித்தான் நான் நினைத்தேன். பூஜ்யம் போடும்போதெல்லாம் நூற்றுக்கு நூறு வாங்கிய சந்தோஷம் எனக்கு.

புதன்கிழமை மதியம் நூலகர் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது அவருக்கு. தும்மினால்கூட மேலிடத்துக்குக் கேட்டுவிடுமோ என்று பயப்படுகிற மனிதர்.

"தலைமை ஆபீஸ்ல இருந்து வந்திருக்கும்மா. நீங்களே படிச்சிடுங்க" என்று ஒரு கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

சிறுவர் அறையில் நான்கு ஆண்டுகளாக ஒரு புத்தகம்கூடப் படிக்கப்படவில்லை என்பதால், அந்த அறை பழைய கோப்புகள் வைக்க எடுத்துக்கொள்ளப்படும். வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வந்து எண்ணுவார். அன்றும் பூஜ்யம் என்றால் அப்போதே சாவியை ஒப்படைக்க வேண்டும்.

"எவன் சார் இந்தப் பொய்யை எழுதிப் போட்டது?"

"கத்தாதீங்கம்மா. நீங்கதான் எழுதிப் போட்டிருக்கீங்க."

என் படிவங்களின் கட்டை எடுத்து முன்னால் வைத்தார். அப்புறம்தான் விளக்கினார். வீட்டுக்குக் கொண்டுபோகிற புத்தகம் அட்டையில் பதிவாகிவிடும். உள்ளேயே உட்கார்ந்து படிக்கிறதை எப்படி எண்ணுவது? படித்தவர்கள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும், பூட்டுகிற நேரத்தில் நாம் எண்ணிவிட்டு அடுக்க வேண்டும். அந்த எண்ணுக்குத்தான் அந்தக் கட்டம். கீழ்த்தளத்தில் 'படித்த புத்தகத்தை மேசையிலேயே விடவும்' என்று பலகை தொங்குகிறது. பெரியவர்களுக்கு ஒழுங்காக அடுக்கத் துப்பில்லை, அதற்காக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நாலு வருஷமா என் படிவத்துல கையெழுத்துப் போட்டு மேல அனுப்பினீங்களே சார். மாடி அதிர முப்பது பிள்ளைங்க ஓடறது உங்க காதுல விழலையா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"பூஜ்யம்னா பிரச்சினை ஒண்ணும் இல்லன்னு நெனச்சுட்டேம்மா."

சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கு அது குழி பறித்துவிட்டது. அந்த மனிதர் மேல் கோபம், நான்கு வருடமாகக் காகிதத்தை மட்டும் பார்த்த தலைமை அலுவலகத்தின் மேல் கோபம். எல்லாவற்றுக்கும் மேலாக என் மேலேயே அடங்காத ஆத்திரம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். அது யானைக்கு வழக்கம், எனக்கு என்ன கேடு? அன்று மாலை முதல் தடவையாகப் படிவத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த விதிகளை ஒரு வரி விடாமல் படித்தேன்.

வியாழக்கிழமை காலை எல்லோரையும் உட்கார வைத்தேன்.

"இன்னையில இருந்து எவரும் புத்தகத்தை எடுத்து வைக்கக் கூடாது. படிச்சது மேசையிலேயே கிடக்கட்டும்."

"அக்காவுக்குக் காய்ச்சலா?" என்று ஒரு பொடிசு பக்கத்துப் பொடிசைக் கேட்டது.

"ஏன்க்கா?" என்றாள் மூணாம்படி. பத்து வயதுப் பெண். மாடிப்படியில் மேலிருந்து மூன்றாவது படிதான் அவள் இருக்கை, வேறு எங்கும் உட்கார மாட்டாள். அவள் அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது, அட்டையும் கிடையாது. இந்த விடுமுறையில் அவள் எடுத்திருந்தது எங்கள் அறையிலேயே தடியான புத்தகம். காணாமல் போன ஒரு கப்பலின் கதை, நானூற்றுச் சொச்சம் பக்கம். இதுவரை எவரும் அதை முடித்ததில்லை. அவள் முந்நூறைத் தாண்டியிருந்தாள்.

"ஏன் எதுக்குன்னு கேக்காத. நாளைக்குப் பெரிய அதிகாரி வர்றார். சொன்னதைச் செய்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அறை போகப்போகிறது, அதற்குக் காரணம் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். எனக்கு அழத் தெரியாது, கத்தத்தான் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மேசையில் அறுபத்தொரு புத்தகங்கள் கிடந்தன. பிள்ளைகளுக்குக் கை பரபரவென்று இருந்ததை நான் பார்த்தேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நான்கு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அதிகாரி வந்துவிட்டார் என்று கீழேயிருந்து ஆள் வந்தது. மேசைகள் நிறைந்திருந்தன. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இறங்கிப் போய் வணக்கம் சொன்னேன். நூலகர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார், அவர் பையிலிருந்து படிவம் செருகிய பரீட்சை அட்டையும் பேனாவும் எடுத்தார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மூவரும் மேலே ஏறினோம்.

மேசைகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. மாதிரி என்ன, துடைத்தே வைத்திருந்தார்கள், ஈரம்கூடக் காயவில்லை. மேசை மேல் ஒரு புத்தகம் இல்லை. அலமாரிகளில் முதுகுகள் நூல் பிடித்தாற்போல நின்றன. பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்று சிரித்தார்கள்.

மூணாம்படி ஈரத்துணியோடு ஓடிவந்தாள். "அதிகாரி வர்றார்னு சொன்னீங்கல்ல அக்கா? நீங்க திட்டு வாங்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டோம்! அஞ்சே நிமிஷம்!"

"அறிவிருக்கா உனக்கு? எவ உன்னை எடுத்து வைக்கச் சொன்னா? சொன்ன பேச்சு கேக்கத் தெரியாதா?"

இதை நான்தான் சொன்னேன். எல்லார் முன்னாலும், தொண்டை கிழிய. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. துணியை மேசைமேல் வைத்தாள். தன் தடிப் புத்தகத்தை அலமாரியிலிருந்து உருவிக்கொண்டு மூன்றாவது படிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். சுற்றிப் பார்த்துவிட்டு, "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க" என்றார். ரயிலைப் பார்த்து, "அலங்காரம் நல்லா இருக்கு" என்றார்.

"அது அலங்காரம் இல்ல சார். ஒரு பெட்டிக்கு ஒரு புத்தகம். அறுநூத்துக்கு மேல இருக்கு. எண்ணிப் பாருங்க."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா. நேத்து நீங்க போட்ட அறுபத்தொண்ணையும் நான் எடுத்துக்க முடியாது. கடிதம் வந்ததுக்கு அப்புறம் போட்டது."

ஒரு புத்தகத்தைச் சும்மா உருவினார். நான்கடி தள்ளி நின்ற ஒரு பொடிசு, "அதுல பதினாலாம் பக்கம் கிழிஞ்சிருக்கும் சார். நரி எப்படித் தப்பிச்சதுன்னு வேணும்னா நான் சொல்றேன்" என்றது.

"கெட்டிக்காரப் பிள்ளைங்க" என்று சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். "மேசை மேல ஒண்ணும் இல்ல. அப்ப, சாவி..."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "மணி என்ன சார்?" என்றேன்.

"நாலு அஞ்சு."

"பூட்டற நேரத்துலதான் எண்ணணும். பின்பக்கம் ஆறாவது விதி. நாங்க அஞ்சு மணிக்குப் பூட்டறோம்."

"எனக்கு இன்னும் ரெண்டு நூலகம் போகணும்மா."

"விதி அப்படித்தான் சார் இருக்கு" என்றார் நூலகர். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டார். சாது மிரண்டால் காடு கொள்ளாது. அறையில் இருந்தவை எல்லாம் குழந்தை நாற்காலிகள். அதில் ஒன்றை இழுத்துப் போட்டார். அதிகாரி உட்கார்ந்தபோது முழங்கால்கள் மோவாய்வரை வந்தன.

நான் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "இந்த அறையை எடுத்துக்கப் போறாங்க. நீங்க யாரும் படிக்கறதில்லன்னு நெனக்கிறாங்க. ஏன்னா நான் நாலு வருஷமா பூஜ்யம் போட்டு அனுப்பிட்டேன். மேசையில விட்ட புத்தகம்தான் படிச்ச கணக்கு. அது எனக்குத் தெரியல. தெரிஞ்ச அப்புறமும் உங்ககிட்ட நான் சொல்லல. இப்பப் படிங்க. படிச்சதை மட்டும் மேசையில வைங்க. படிக்காததை வைக்காதீங்க."

அலமாரிக்குப் போனார்கள், உட்கார்ந்தார்கள். அடுத்த ஐம்பது நிமிடமும் பக்கம் புரளும் சத்தம் மட்டும்தான். ஒரு குட்டி, அதிகாரிக்குப் பொழுது போகாதே என்று பாவம் பார்த்து ஒரு படக்கதையைக் கொண்டுபோய்க் கொடுத்தது. அவர் வாங்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் படித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணி. அவரே எழுந்து எண்ணினார். தன் கையில் இருந்ததையும் மேசையில் வைத்து எண்ணினார். முப்பத்தெட்டு. படிவத்தில் எழுதினார்.

"நாலு வருஷம் பூஜ்யம், ஒரு நாள் முப்பத்தெட்டு. விடுமுறை முடியற வரைக்கும் தினமும் எண்ணி அனுப்புங்க. அதுவரைக்கும் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். அப்புறம் பார்ப்போம்."

அந்தப் 'பார்ப்போம்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அப்போதுதான் மூணாம்படி எழுந்தாள். கடைசிப் பக்கத்தை முடித்திருந்தாள். நேராக வந்து அந்தத் தடிப் புத்தகத்தை மேசையில் பொத்தென்று போட்டாள்.

"இதை எண்ணல."

"எழுதி முடிச்சாச்சேம்மா" என்றார் அதிகாரி.

"மேசை மேல இருக்குல்ல? எண்ணுங்க."

அவர் அவளைப் பார்த்தார். முப்பத்தெட்டை அடித்துவிட்டு முப்பத்தொன்பது என்று எழுதினார். திருத்தினால் பக்கத்தில் இரண்டு பேர் சுருக்கொப்பம் போட வேண்டும். அவர் போட்டார், நானும் போட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எடுத்து வை, எடுத்து வைன்னு கத்தினதும் நீங்கதான். ஏன் எடுத்து வச்சேன்னு கத்தினதும் நீங்கதான்."

அதிகாரி இருந்தார், நூலகர் இருந்தார், முப்பது பிள்ளைகள் இருந்தார்கள். "தப்பு என்னுதுதான். மன்னிச்சிடும்மா" என்றேன்.

"எனக்கு ரயில் பெட்டி வேணும்" என்று கையை நீட்டினாள். காகிதம் கொடுத்தேன். நின்றபடியே எழுதி, என் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் காத்திருந்த அம்மாவிடம் ஓடிவிட்டாள்.

புத்தகத்தின் பெயருக்குக் கீழே ஒரு வரி இருந்தது. "கப்பல் எங்கே போகிறது என்று கேப்டன் மற்றவர்களிடம் சொல்லியிருக்கலாம்."

வரிசைப்படி அது மாடிப்படிச் சுவருக்குப் போக வேண்டிய பெட்டி. நான் அதை என் நாற்காலிக்கு நேர் எதிரே ஒட்டினேன்.