முப்பத்திரண்டு கூட்டிக்கொள்ளவும்

"நீங்க ஒண்ணுமே பேச வேண்டாம்மா. என் பக்கத்துல உக்காந்தா போதும்."

ஏழு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்த புரொபசர், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். முடி குறைந்திருந்தது. வாசலில் நின்ற கார் பெரிதாகியிருந்தது.

"பேசாம உக்காரறதுக்கு நான் எதுக்கு சார்? ஒரு பூந்தொட்டியைத் தூக்கிட்டுப் போங்களேன்."

சிரித்தார். சிரிக்க வேண்டிய நிலையில் இருந்தார்.

"புது விதி போட்டிருக்காங்கம்மா. மனுஷங்களையும் ஏரியையும் சேர்த்துப் பாக்கற ஆராய்ச்சின்னா, அந்த ஏரிக்காரங்க ஒருத்தர் நேர்காணலுக்கு வரணும். விண்ணப்பத்துல கையெழுத்தும் போடணும். இல்லேன்னா அஞ்சு வருஷ நிதி கிடையாது."

"முன்னாடி?"

"முன்னாடி எங்க கையெழுத்தே போதும்."

"அப்போ நல்லா இருந்திருக்குமே."

அதற்கும் சிரித்தார்.

அவர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் இருந்தது. ஏரியில் ஒரு அளவுக் கம்பம் உண்டு. தகரத்தில் கோடு போட்டு நம்பர் எழுதி, தண்ணீரில் நட்டு வைத்தது. பதினொரு வருஷம் தினமும் காலை ஆறு மணிக்கு அதைப் படித்து நோட்டில் எழுதியவள் நான். சம்பளம் எங்கள் வீட்டுக்காரருக்குத்தான். மதகு ஷட்டரின் சாவி அவரிடம் இருந்தது. கம்பத்தைப் படிப்பது அவர் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த வேலை. அது என் தலையில் விழுந்தது, மற்றதெல்லாம் விழுகிற மாதிரி.

"உங்க நோட்டு இல்லேன்னா இந்த ஆராய்ச்சியே இல்லம்மா" என்றபடி மடிக்கணினியைத் திறந்தார். "பாருங்க, இந்தப் படம்தான் எங்க உயிர்நாடி. ஏரி மட்டம் நேரா போயிட்டே இருக்கு. இங்க பாருங்க, ஒரே நாள்ல சரிஞ்சு கீழ போயிடுது. மீன் குஞ்சு பொரிக்கிற மாசம். யாரோ ஷட்டரைத் திறந்து, தண்ணி வெளிய ஓடற வாயில வலை போட்டிருக்காங்க. மனுஷன் பண்ணது, ஏரி பட்டது, திரும்ப மனுஷனே பட்டது. எல்லாம் ஒரே கோட்டுல!"

அந்த 'யாரோ' யார் என்று அவர் சொல்லவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அறிக்கையைப் படித்த ஏரி அலுவலகம்தான் சொன்னது: சாவி ஒருத்தரிடம்தான் இருக்கிறது. விசாரணை இல்லை. "ஆதாரம் இருக்கிறது" என்று ஒரு கடிதம், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்காரர் வேலை போனது. அதன் பின்னால் ரெண்டு வருஷம் யாரும் வலை வீசக் கூடாது என்று தடை. தடைக்குக் காரணம் என் புருஷன் என்று ஏரியைச் சுற்றி எல்லோரும் முடிவு கட்டினார்கள். எங்கள் வாசலைத் தாண்டும்போது குழந்தைகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

நான் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். சரிவுக்குக் கீழே தேதி இருந்தது. மூன்றாம் மாதம், பதினாலு.

விரலை அந்தத் தேதி மேல் வைத்தேன்.

அது தூர் வார வந்த மிதவை கம்பத்தில் மோதிய மறுநாள். சாய்ந்து கிடந்த கம்பத்தை அன்று விடியற்காலையில் நானும் என் வீட்டுக்காரரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று தூக்கிப் பக்கத்துக் கல்மேடையில் நட்டோம். மேடை உயரம். எவ்வளவு உயரம் என்று மகளின் ஸ்கேலால் அளந்தேன்: முப்பத்திரண்டு சென்டிமீட்டர். கம்பம் மேலே போனால் நம்பர் கீழே இறங்கும், தண்ணீர் இருந்த இடத்தில்தான் இருக்கும். அதைத்தான் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

"சார், அந்த நோட்டு ஓரத்துல நான் எழுதினதெல்லாம் பாத்தீங்களா?"

"ஓரமா?" தோளைக் குலுக்கினார். "மகளுக்குக் காய்ச்சல், ஆடு காணாம போச்சு, அதெல்லாம்தானே? பசங்ககிட்ட ஒரு வெள்ளைத் தாளை வெச்சு மறைச்சு நகல் எடுக்கச் சொன்னேன். நம்பர் மட்டும் சுத்தமா வரணும்ல."

என் நோட்டுதான் என் புருஷனை வீட்டில் உட்கார வைத்திருக்கிறது. ஏழு வருஷமாக எனக்கு அது தெரியாது.

"வரேன் சார்" என்றேன். "எந்தத் தேதி?"

"ரொம்ப நன்றிம்மா! அப்புறம், உங்க மகள் படிச்சிட்டு சும்மாதானே இருக்கு? நிதி வந்ததும் ஒரு வேலை போட்டுடலாம்."

கார் போனதும் உள் அறையிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"வரேன்னு சொன்னியா? அந்த ஆளுக்கா?"

நான் அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். அவர் ஓரத்தைப் படித்தார். தேதியைப் படித்தார். திரும்ப ஓரத்தைப் படித்தார். பிறகு நோட்டை மூடி, அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடலாமேம்மா" என்றாள் மகள்.

"சொன்னா என்ன பண்ணுவார்?"

"திருத்திடுவார்."

"ஆமா. ஒருத்தருக்கும் தெரியாம திருத்திடுவார். திருத்தின படத்தை வெச்சு காசையும் வாங்கிடுவார். உங்கப்பா அப்படியேதான் இருப்பார்."

"அப்போ என் வேலை?"

"போச்சு."

மகள் கதவைச் சாத்தின சத்தத்தில் சுவர்க் கடிகாரம் ஆடியது. அவள் மேல் தப்பில்லை. ஆனால் என் மனசு மாறவில்லை.

நேர்காணல் அறையில் நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர்: குழுத் தலைவர், ஒரு சமூகவியல்காரர், தண்ணீர் பொறியாளராக ஒரு பெண். இந்தப் பக்கம் புரொபசர், புது டை கட்டியிருந்தார். பக்கத்தில் நான், மடியில் பை.

அவர் நன்றாகப் பேசினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஏரியும் மனிதரும் ஒரே உடம்பு என்றார். "ஏரியைச் சுத்தி அறுபத்திரண்டு வீடு. ஒவ்வொண்ணுலயும் நானே உக்காந்து பேசியிருக்கேன்" என்றார். பேசினது அவருடைய மாணவர்கள். அவர் காரை விட்டு இறங்கியது ரெண்டு தடவை. நான் பூந்தொட்டி மாதிரி இருந்தேன்.

அப்புறம் அந்தப் படம் திரையில் வந்தது.

பொறியாளர் அம்மா கண்ணாடியை மேலே தள்ளினார். "ஒரே நாள்ல முப்பத்திரண்டு சென்டிமீட்டரா? அவ்வளவு பெரிய ஏரியில? அந்த ஷட்டர் வழியா அவ்வளவு தண்ணி போகுமா?"

"அளவு துல்லியமானது மேடம்" என்றார் புரொபசர். "பதினொரு வருஷம் ஒரு நாள் விடாம எழுதினவங்க இதோ உக்காந்திருக்காங்க. அவங்க அளவுல நான் தலையையே பந்தயம் வைப்பேன்."

"அப்படியாம்மா?" என்று என்னைப் பார்த்தார் தலைவர். "நம்பர் சரிதானா?"

"நம்பர் சரிதான் சார்."

புரொபசர் மூச்சு விட்டார்.

"நோட்டைக் காட்டட்டுமா? கொண்டு வந்திருக்கேன்."

"கொண்டு வந்தீங்களா!" புரொபசருக்குப் பூரிப்பு. அவரே என் கையிலிருந்து நோட்டை வாங்கி மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டினார். அவர் கையாலேயே நீட்டினார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது.

பொறியாளர் அம்மா பக்கத்தைத் திருப்பினார். விரல் நம்பர்கள் மேல் இறங்கியது, நின்றது, ஓரத்துக்குப் போனது. சத்தமாகப் படித்தார்:

"மிதவை மோதிக் கம்பம் சாய்ந்தது. கல்மேடையில் நட்டோம். இன்று முதல் முப்பத்திரண்டு கூட்டிக்கொள்ளவும்."

நோட்டைத் தலைவர் பக்கம் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"இதை நீங்க பாக்கலையா புரொபசர்?"

"அது... நகல்ல அந்த ஓரம்..."

"வெள்ளைத் தாளை வெச்சு மறைக்கச் சொன்னாங்க மேடம்" என்றேன். "நம்பர் சுத்தமா வரணும்னு. சார்தான் எங்கிட்ட சொன்னார்."

சமூகவியல்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ மதகை யாரும் திறக்கவே இல்லையா?"

"இல்லை சார். ஆனா அதுக்கு ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பியாச்சு. என் வீட்டுக்காரர்."

புரொபசர் முகத்தை நான் ஆற அமரப் பார்த்தேன். முதலில் காது சிவந்தது. அப்புறம் கழுத்து. டைக்கு மேலே ஒரு நரம்பு. ஏழு வருஷத்துக்கு அது போதாது, ஆனாலும் ஆரம்பம்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "ஒரு வாரம் தரோம். வர்ற வெள்ளிக்கிழமை மாலை அஞ்சு மணிக்குள்ள அளவைத் திருத்தி, பழைய அறிக்கை தப்புன்னு எழுதி, இதே அம்மா கையெழுத்தோட அனுப்புங்க. வேற யார் கையெழுத்தும் செல்லாது. பாக்கறோம்."

வராந்தாவில் அவர் என்னை மறித்தார்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீங்களும் ஒரு வார்த்தை எங்ககிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாமே சார்."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. என்ன பண்ணணும், சொல்லுங்க. உங்க வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் தரேன். முத்திரையோட."

"கடிதத்தை யார் படிப்பாங்க? அறுபத்திரண்டு வீட்டுலயும் நீங்களே உக்காந்து பேசினீங்களாமே. இன்னொரு தரம் உக்காருங்க. மதகை அவர் திறக்கலை, தப்பு என்னோடதுன்னு ஒவ்வொரு வீட்டுலயும் உங்க வாயால சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் கையெழுத்து போடறேன்."

"அறுபத்திரண்டு வீடா?"

"உங்களுக்கு வழி தெரியும்ல சார்."

சனிக்கிழமை புரொபசர் வரவில்லை. ஞாயிறிலிருந்து வியாழன் வரைக்கும் வரவில்லை. குழுத் தலைவரை வீட்டில் போய்ப் பார்த்தாராம், நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கார் வந்து நின்றது. கையில் தாள், பேனா.

"போலாமாம்மா? வேகமா முடிச்சிடலாம்."

"முடிச்சிடலாம் சார்."

முதல் வீடு வலைக்காரர் வீடு. புரொபசர் நின்றபடியே சொல்லப் பார்த்தார்.

"உக்காந்து சொல்லுங்க சார். அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

உட்கார்ந்தார். சொன்னார். வலைக்காரர் மனைவி, "யாரு திறக்கலை?" என்றாள்.

"மதகுக்காரர்."

"அப்போ யாரு திறந்தா?"

"யாருமே திறக்கலை."

"யாருமே திறக்காமயா எங்களை ரெண்டு வருஷம் பட்டினி போட்டீங்க?"

அவர் அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் எழுந்து என் கையைப் பிடித்தாள். ஏழு வருஷமாக என்னோடு பேசாதவள். நான் கையை உருவிக்கொண்டேன். அவளுக்கும் கணக்கு இருக்கிறது, அது வேறொரு நாளைக்கு.

ஒவ்வொரு வீட்டிலும் கேள்வி. ஒருத்தர் விற்ற படகுக்கு யார் பதில் என்றார். இன்னொருத்தர் பக்கத்து வீட்டு ஆளையும் கூப்பிட்டு, "இன்னொரு தரம் சொல்லுங்க, இவனும் கேக்கட்டும்" என்றார். பக்கத்து வீட்டுக்குப் போனபோது, "அங்க கேட்டது அவங்களுக்கு. எங்க வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்லுங்க" என்றார்கள். நான் யாரையும் தூண்டவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. யாராவது தண்ணீர் கொடுத்தால் வாங்கி மெதுவாகக் குடித்தேன்.

முப்பதாவது வீட்டில் அவர் டையைக் கழற்றிப் பையில் வைத்தார். நாற்பதாவது வீட்டில், படிக்கிற குரல் போய்ப் பேசுகிற குரல் வந்துவிட்டது. ஐம்பத்து மூன்றாவது வீட்டில் ஒரு கிழவர், "உன் பேர் என்ன தம்பி? தப்புப் பண்ணவன் பேர் தெரியணும்ல" என்று கேட்டு, சொல்ல வைத்து, தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்போது புரொபசரின் கைபேசி அடித்தது. அவர் எடுக்கவில்லை. திரையைப் பார்த்தார்.

"மணி அஞ்சாயிடுச்சும்மா."

"ஆமா சார்."

"இதைத்தான் எதிர்பார்த்தீங்களா?"

"நீங்க சனிக்கிழமையே வந்திருந்தா ஞாயித்துக்கிழமை முடிஞ்சிருக்கும். நான் உங்களைப் பிடிச்சு வெக்கலையே."

தெருவில் நின்றார். தாளை நாலாக மடித்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. குரல் இறங்கிவிட்டது.

"என்னை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. கையெழுத்துக்கு இல்லை. அது போச்சு. அவர்கிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும். நிஜமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் சொன்னார். கண்ணைப் பார்த்தால் தெரிந்தது.

"வேண்டாம் சார்."

"ஏன்?"

"அவர்கிட்ட சொன்னா உங்களுக்கு மனசு ஆறிடும். அவருக்கு நீங்க ஒண்ணும் புதுசா சொல்லப் போறதில்ல. மதகைத் திறக்கலைன்னு அவருக்கு அன்னிக்கே தெரியும்."

அவர் காரைப் பார்த்தார். கார் தெருக்கோடியில் நின்றது.

"போகணும்னா போங்க" என்றேன். "ஆனா அடுத்த வருஷமும் இந்த ஏரிக்கு விண்ணப்பம் போடுவீங்க. அப்பவும் ஏரிக்காரங்க ஒருத்தர் கையெழுத்து வேணும். இந்த அறுபத்திரண்டு வீட்டுக்கு வெளிய ஏரிக்காரங்க யாரும் கிடையாது."

மிச்சமிருந்த வாசல்களை எண்ணிப் பார்த்தார். அப்புறம் மடித்த தாளைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, ஐம்பத்து நான்காவது வீட்டின் கதவைத் தட்டினார்.