வானம் மட்டும் தெரிகிற படங்கள்

சேவல் இறகைத் தூண்டில் முள்ளோடு சேர்த்து ஊதா நூலால் மூன்றாவது சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. கல்கிசையிலிருந்து றொஹான், பத்து வருடமாக எங்களோடு மீன் பிடிக்க வருகிறவர், ஒரு ஹோட்டல் விளம்பரத்தை அனுப்பியிருந்தார். "நிக்கலஸ், இது உங்கட இடமெல்லோ?" என்று கீழே கேட்டிருந்தார்.

எங்கள் இடம்தான். எங்கள் என்றால் நானும் சப்ரியும். கொழும்பில் நான் கொட்டாஞ்சேனை, அவன் வெள்ளவத்தை. பதினாறு வருடமாக இரண்டு பேரும் ஆட்களை மலைநாட்டுக்குக் கூட்டிப்போய், புழுக் கோர்க்காமல், பூச்சி மாதிரிக் கட்டிய இறகை வீசி ட்ரவுட் மீன் பிடிக்கப் பழக்குகிறோம். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்கு அப்பால் ஒன்றரை மணித்தியாலம் நடந்தால் ஆற்றில் ஆழமான ஒரு மடு வரும். வருகிறவர்களுக்கு வழி பிடிபடாமல் சுற்றித்தான் கூட்டிப்போவோம். படம் எடுப்பதென்றால் மீனை உயர்த்திப் பிடிக்க வேண்டும், பின்னால் வானம் மட்டும்தான் தெரியலாம். பாறையோ மலையோ படத்தில் விழுந்தால் அங்கேயே அழித்துவிடுவோம். மீன் பறக்கிற மாதிரி இருக்கிறதென்று றொஹான்கூட முறைப்பட்டிருக்கிறார். இடம் வெளியே தெரிந்தால் ஒரே மாரிக்குள் வலை போட்டு வழித்துவிடுவார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

விளம்பரத்தில் இரட்டைப் பாறை, சாய்ந்த மரம், பின்னால் மலை, எல்லாமே இருந்தன. நடுவில் இரண்டு கைகள் ஒரு மீனைப் பிடித்திருந்தன. கழுத்துக்கு மேலே படத்தை வெட்டியிருந்தார்கள். இடது மணிக்கட்டில் பச்சைச் செபமாலை.

மாக்ரெட்டின் கைகள். ஆறு வருடத்துக்கு முன் என் மனைவி பிடித்த முதல் மீன் அது. எடுத்தவன் சப்ரி. "மலை விழுந்திட்டுது, அழிச்சுப்போடு" என்றேன். "பெண்சாதிக்கும் அதே சட்டமோ?" என்று அவள் சிரித்தாள். சப்ரி போனைத் தட்டி, அழித்தாயிற்று என்றான்.

இரண்டு வருடம் கழித்துக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க, அந்தப் படம் எங்கேயாவது கிடக்கிறதா என்று சப்ரியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். இல்லை என்றான். கடைசியில் அடையாள அட்டைப் படத்தைத்தான் போட்டோம். அதில் அவள் யாரோடோ கோபித்துக்கொண்டவள் மாதிரி இருப்பாள்.

வெள்ளவத்தை போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அவனைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். அவன் மனைவி ஷபீகா கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தவள் பால் விடாத பிளேன்ரீயை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"முழங்கால் நோவு, இனி மல ஏற ஏலா மச்சான்" என்றான் சப்ரி. "ஹோட்டல்ல வேல தந்தாங்க. மீன் புடிக்க, ஜீப் பாத போடுற மாதிரி எடம் கேட்டாங்க. நம்ம மடுவக் காட்டினேன்."

"நான் மடுவைக் கேக்கேல்ல. படத்தைக் கேக்கிறன்."

அவன் கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தான்.

"அண்டைக்கு அழிக்க மனசு வரல்ல. பொறகு நீ வந்து கேட்டப்போ, வச்சீக்கிறேன் எண்டு செல்ல வெக்கமா ஈந்திச்சி."

"ஹோட்டலுக்குக் குடுக்க வெக்கமா இருக்கேல்லயோ?"

"மொகத்த வெட்டிட்டுத்தானே மச்சான் குடுத்தேன்."

அதைப் பெரிய மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னான். பதினாறு வருடம் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்றவன், நான்கு வருடம் அவளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லியிருக்கிறான். எழுந்து கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போலிருந்தது.

"வெட்டாத படம் இருக்கோ?" என்று கேட்டேன்.

தேட வேண்டியிருக்கவில்லை அவனுக்கு. போனில் எடுத்து நீட்டினான்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் தண்ணீர் தெறித்திருந்தது. பின்னால் மலை முழுதாகத் தெரிந்தது. சனிக்கிழமை ஜீப் பாதை திறக்கிறார்கள், நீயும் வரவேண்டும், இறகு கட்ட உன்னைப் போல ஆளில்லை என்று சப்ரி சொல்லிக்கொண்டே போனான். அவன் போன் என் கையில் இருந்தது. திரை மங்கத் தொடங்கிய ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டு, அணைந்துவிடாமல் வைத்திருந்தேன்.