ஒஸ்டினுக்குப் புதுப் பிரேக்

ஆண்டியப்பனின் ஒஸ்டின் பிக்கப் அவனைவிட வயதில் மூத்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது, பல கை மாறி, நானுஓயாவுக்கு மேலே உள்ள மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அவனிடம் வந்து நின்றது. லீக்ஸ் ஏற்றுவான், கரட் ஏற்றுவான், கல்யாணச் சாமான் ஏற்றுவான், சாவு வீட்டுக்கு நாற்காலி ஏற்றுவான். அவனால் ஏற்ற முடியாதது ஒன்றே ஒன்றுதான்: பெண்டாட்டி நாகலெட்சுமி.

அவள் பஸ்ஸில்தான் போவாள். "மரக்கறிக்கு வண்டி, மகராசிக்கு பஸ்ஸா?" என்று ஊரே அவனைக் கிண்டல் பண்ணியது. வெளியே சிரித்து மழுப்பினாலும் உள்ளுக்குள் அவனுக்கு வலித்தது. கல்யாணமான புதிதில் அந்த முன்சீட்டில் அவள் உட்கார்ந்து வந்த அழகு அவனுக்கு மறக்கவில்லை.

அவள் காரணம் சொல்லாமல் இல்லை. "இறக்கத்துல இஞ்சின நிறுத்தாதீங்க. சத்தமே இல்லாம வண்டி ஓடுறப்ப எனக்கு ஈரக்கொல நடுங்குது" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் பஸ்ஸுக்கு மாறினாள். ஏனென்றால் ஆண்டியப்பனுக்கு ஒரு பழக்கம். இறக்கம் கண்டால் கியரை எடுத்துவிட்டு, சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்துவிடுவான். கீழே வந்ததும் சாவியைத் திருப்பி, கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உயிர் பிடிக்கும். பெட்ரோலுக்கு வரிசையில் கிடந்த வருஷத்தில் தொற்றிய பழக்கம் என்பான். சுத்தப் பொய். அதற்கு முன்னும் அப்படித்தான். "தண்ணி கீழ ஓடுறதுக்கு யாராச்சும் எண்ணெய் ஊத்துறாங்களா?" என்று நியாயம் வேறு பேசுவான்.

அவள் சொன்னதில் நடுக்கம் மட்டும்தான் அவன் காதில் ஏறியது. நடுக்கத்துக்கு மருந்து நல்ல பிரேக் என்று அவனே முடிவு கட்டினான். வண்டியை டவுனில் மதுரனின் கராஜுக்குக் கொண்டுபோய் விட்டான்.

மதுரன் கெட்டிக்காரன். உடைத்துப் போட்ட ஒரு ஜப்பான் வேனிலிருந்து சாமான் எடுத்தான். முன்பக்கச் சக்கரச் சில்லு இரண்டிலும் பழைய டிரம்மைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் மாட்டினான். பெடலுக்குப் பின்னால் கறுப்புச் சட்டி போல ஒரு பூஸ்டரை வைத்து, அதிலிருந்து ஒரு குழாயை இஞ்சினுக்கு இழுத்தான்.

"அண்ணே, நல்லாக் கேட்டுக்கங்க" என்றான் மதுரன். "இஞ்சின் ஓடுறப்ப இந்தச் சட்டிக்குள்ள உள்ள காத்த உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அதுலதான் இதுக்கு பலம். கால மெதுவா வச்சாலே பிடிக்கும். இஞ்சின் நின்னுச்சுன்னா பெடல் கல்லு மாதிரி ஆயிரும். இறக்கத்துல அணைச்சிட்டுப் போற வேலைய இதோட விட்டுருங்க."

"பழைய பிரேக்குல அப்புடி ஒண்ணும் இல்லையே?"

"பழசுக்கு ஒங்க காலு மட்டுந்தான். இது வேற."

வெற்றிலையை விடச் சொல்லும் டொக்டருக்கு ஆட்டுவது போல ஆண்டியப்பன் தலையை ஆட்டினான். வரும் வழியில், கோயிலடியில் ரோடு சமமாக இருந்த இடத்தில், இஞ்சினை அணைத்துவிட்டு ஒருதரம் மிதித்துப் பார்த்தான். வண்டி கப்பென்று நின்றது. "பாத்தியா! சும்மா பயங்காட்டுறான் பய" என்று வண்டியிடமே சொன்னான். இஞ்சின் நின்ற பிறகும் அந்தச் சட்டிக்குள் ஒன்றிரண்டு மிதிக்குப் பலம் மிச்சமிருக்கும். மூன்றாம் தரமும் மிதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். யார் மிதித்தது?

அடுத்த ஞாயிறு மகள் பிரியந்திக்கு லிந்துலையில், மருமகன் வீட்டில் வளைகாப்பு. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு என்று அண்டா அண்டாவாகச் சாமான். பஸ்ஸில் ஏற்ற வழியில்லை.

"விரல் வச்சாப் போதும், நின்னுரும். ஒனக்காகத்தான் புள்ள போட்டேன்" என்றான் ஆண்டியப்பன்.

நாகலெட்சுமி புது டிஸ்க்கைக் குனிந்து பார்த்தாள். அவன் முகத்தையும் பார்த்தாள். "எனக்காகவா?" என்றாள். "சரி, வாரேன். ஆனா இஞ்சினு மட்டும்..."

"அட, ஏறு புள்ள!"

வளையல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளைக் களை திரும்பி வந்தது போலிருந்தது. வழியெல்லாம் ஓயாமல் பேசினான். அவளும் சிரித்தாள்.

நானுஓயா கழிந்து பெரிய இறக்கம் தொடங்கியது. மறதியில் செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். மதுரன் சொன்னதும் ஞாபகம் இருந்தது, கோயிலடியில் வண்டி நின்றதும் ஞாபகம் இருந்தது. இவ்வளவு நல்ல பிரேக் இருக்கும்போது எதற்கு வீணாகப் பெட்ரோல் என்று நினைத்தான். கியரை எடுத்தான், சாவியைத் திருப்பினான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பேசிக்கொண்டிருந்த நாகலெட்சுமி பாதியில் நிறுத்தினாள்.

முதல் வளைவில் பிரேக் அருமையாகப் பிடித்தது. "எப்புடி?" என்பது போல அவளைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. இரண்டாம் வளைவில் பெடல் கனத்தது. மூன்றாம் வளைவுக்கு முன் மிதித்தான். பெடல் அசையவே இல்லை. இரண்டு காலாலும் ஏறி மிதித்தான். கைப்பிரேக்கை இழுத்தான், கருகல் வாடைதான் வந்தது. எதிரே ரோடு திரும்புகிறது, அதற்கப்பால் தேயிலைச் சரிவு.

"ஐயோ, சாவி! சாவி!" என்று கத்திக்கொண்டே நாகலெட்சுமி எட்டிச் சாவியைத் திருப்பினாள். "கியரப் போடுங்க!"

ஆண்டியப்பன் கியரைக் குத்திக் கிளச்சை விட்டான். வண்டி தூக்கிப் போட்டது. இஞ்சின் உறுமியது. உடனே காலுக்குக் கீழே பெடல் இளகி இறங்கியது. சில்லு கிறீச்சிட, ஒஸ்டின் ரோட்டோரத் தண்ணிக் கானுக்கு ஒரு சாண் இப்பால் நின்றது. பின்னால் புளிச்சோற்று அண்டா கவிழ்ந்தது.

நாகலெட்சுமி கதவைத் திறந்து இறங்கினாள்.

"பிரேக்கு சரியில்ல புள்ள. அந்த மதுரன் பய..."

"அவன இழுக்காதீங்க!" என்றாள். "நான் ஒங்ககிட்ட பிரேக்கா கேட்டேன்? இஞ்சின நிறுத்தாதீங்கன்னு கேட்டேன். அதுக்குச் சல்லிக்காசு செலவில்ல. அதச் செய்ய மனசு வராம, ஒரு வேனையே பிரிச்சு இதுல மாட்டிக்கிட்டு வந்து, ஒனக்காகன்னு சொல்றீங்க."

லிந்துலை வழியாகப் போகும் தலவாக்கலை பஸ் வந்தது. அவள் கை காட்டினாள். வளையல் தட்டோடு ஏறிக்கொண்டாள்.

ஆண்டியப்பன் இரண்டாம் கியரில், பஸ் கக்கிய புகையையெல்லாம் தின்றுகொண்டு பின்னாலேயே போனான். பெடல் பஞ்சு போல இறங்கியது. மதுரன் ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கத்துச் சீட்டைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. அவளைக் கொன்றிருப்பேனே என்று வாய்விட்டே சொல்லி அழுதான்.

பஸ் நிறுத்தத்துக்கு மேலே மருமகன் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டின் வாசலில் வண்டியை நிறுத்தினான். இறங்காமல், இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பஸ்ஸிலிருந்து நடந்து வந்த நாகலெட்சுமி ஜன்னலருகே நின்று அவன் கண்ணைப் பார்த்தாள்.

"மூஞ்சத் தொடச்சிக்கங்க. மாசமா இருக்கிறவ, அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்" என்றாள். "வந்து சேந்தாச்சு. இப்ப நிறுத்தலாம்."

அவன் சாவியைத் திருப்பினான்.

"அந்திக்கு நான் ஒங்ககூடயே வண்டியில வாரேன்" என்றாள். "வீடு வரைக்கும் ஏத்தந்தானே. ஏத்தத்துல ஒங்களால அணைக்க முடியாது."